மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தால்...

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ஜூனில் ஆறாம் வகுப்பு போகிறாள். மே மாதம் ஏலகிரியில் நடக்கும் ஏழு நாள் கோடை முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் போகிறாள். இதுவரை எங்களை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. இன்றும் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். முகாமில் செல்போன் கூடாதாம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் ஐந்து நிமிடம் அவர்களே பேச வைப்பார்களாம். போன வருடம் என் நாத்தனார் மகன் இப்படி ஒரு முகாமுக்குப் போய், இரண்டாம் நாளே போனில் அழ, அவன் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போய்க் கூட்டி வந்தார். அதைச் சொல்லிக் காட்டி, "பொட்டப்பிள்ளையைக் கொண்டுபோய் மலையில விடுவாங்களா?" என்கிறார் மாமியார். கணவர் "உன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். அனுப்பலாமா? அனுப்பி, அவள் அழுதால் நான் என்ன செய்வது?
- ஒரு தாய், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்பலாம். முகாம் நடத்துகிறவர்களிடம் நீங்கள் சில கேள்விகள் கேட்க வேண்டும். அவற்றுக்கு நேரான பதில் வந்தால் தாராளமாக அனுப்பலாம். அந்தக் கேள்விகளைப் பிறகு சொல்கிறேன். கடிதத்தைப் படித்தால் உங்களை அதிகம் அரிப்பது கடைசி வரிதான் என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

அவள் அழுவாள். அழமாட்டாள் என்ற நம்பிக்கையில் அனுப்பாதீர்கள், அழுவாள் என்று தெரிந்தே அனுப்புங்கள். முகாமில் பிள்ளைகளுக்கு வரும் வீட்டு ஏக்கத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர் கிறிஸ்டோபர் தர்பர் என்ற அமெரிக்க உளவியலாளர். கோடை முகாமில் தங்கிய 329 பையன்களிடம் அவர் நடத்திய ஆய்வு 1995-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 83 பேர், குறைந்தது ஒரு நாளாவது வீட்டு ஞாபகம் வந்து வாடியதாகச் சொன்னார்கள். அதே சமயம், சாப்பாடு தூக்கம் கெட்டு முடங்கிப்போகும் அளவுக்குப் போனவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. வீட்டை நினைத்து ஏங்காத பிள்ளைதான் அபூர்வம். ஏங்கினாலும் பெரும்பாலான பிள்ளைகள் சமாளித்துவிடுகிறார்கள்.

அந்த ஏக்கம் எந்த நேரத்தில் வரும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். காலையில் விசில் ஊதி எழுப்பி, உடற்பயிற்சி, ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு ஏற்றம், கயிற்றுப் பாலம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்போது உங்கள் ஞாபகமே அவளுக்கு வராது (வருத்தப்படாதீர்கள், அது நல்ல செய்தி). கேம்ப் ஃபயர் முடிந்து, பல் தேய்த்து, லைட்டை அணைத்த பிறகுதான் கஷ்டம். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமும் சத்தம். நம் வீட்டு ஃபேன் மாதிரி இல்லாத ஒரு ஃபேன் சத்தம். கை நீட்டினால் அம்மா இல்லை. மத்தியானம் ஓய்வு நேரம் விட்டாலும் இதே கதைதான். இரண்டாம் மூன்றாம் நாளில் புது இடத்தின் குஷி கொஞ்சம் வடிந்திருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. உங்களுக்கு வரப்போகும் முதல் போனும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் வரும்.

இப்போது நாத்தனார் மகன் கதை. அவன் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. போனில் பிள்ளை விக்கி விக்கி அழுதால் எந்த அப்பாவுக்கும் கை கார் சாவியைத்தான் தேடும். ஆனால் கிளம்பும்போதே அவனிடம், "பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, அடுத்த நிமிஷம் அப்பா வந்து நிப்பேன்" என்று யாராவது சொன்னார்களா என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். அதைக் கேட்கும் பிள்ளைக்கு இரண்டு விஷயம் புரிகிறது: "நான் சமாளிப்பேன் என்று அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை", "அழுதால் கதவு திறக்கும்". அதன் பிறகு அவன் முகாமில் இருப்பதில்லை, அடுத்த போனுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறான். தர்பரும் எட்வர்ட் வால்டன் என்ற மருத்துவரும் சேர்ந்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்துக்காக 2007-இல் எழுதிய அறிக்கை ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு ஒப்பந்தத்தைப் பிள்ளையோடு போடவே கூடாது என்று அதில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதுதான்.

"அப்போ என்னால முடியலைன்னா என்ன பண்றது?" என்று மகள் கேட்பாள். கட்டாயம் கேட்பாள். "முடியும், நீ புலி" என்று வாயை அடைக்காதீர்கள். "முதல் ரெண்டு மூணு ராத்திரி கஷ்டமாத்தான் இருக்கும். அப்போ என்ன பண்ணலாம்னு இப்பவே யோசிச்சு வைப்போமா?" என்று உட்காருங்கள். அவளே நாலு வழி சொல்வாள்: தோழியோடு பேசுவது, உங்கள் பழைய துப்பட்டா ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது, டைரி எழுதுவது, பொறுப்பில் இருக்கும் அக்காவிடம் "எனக்கு வீட்டு ஞாபகமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வது. கடைசியில் சொன்னதை வீட்டிலேயே ஓரிரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பலர், அழுதால் கேலி செய்வார்கள் என்று போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். சொன்னால்தான் அந்த அக்காவுக்குத் தெரியும்.

சரி, போன் வருகிறது. "அம்மா, இங்க பிடிக்கலை, வந்து கூட்டிட்டுப் போ" என்கிறாள். உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அப்போது என்ன பேசுவது என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி போன் பக்கத்தில் வையுங்கள். இந்த மாதிரி இருக்கலாம்:

"அழுகை வருதா கண்ணு? புது இடம், வரத்தான் செய்யும். ராத்திரி படுக்கும்போது வருதா, பகல்லயும் வருதா?... ம். பக்கத்துக் கட்டில்ல யார் படுத்திருக்கா?... இன்னைக்கு மலை ஏறினீங்களாமே, பாதியில உட்கார்ந்தியா, உச்சிக்குப் போயிட்டியா?... சாப்பாடு எப்படி இருக்கு, இட்லி கல்லா?... சரி, நாளைக்கு என்னவாம்?... அடுத்த போன்ல அதைச் சொல்லு, நான் கேட்கக் காத்திருப்பேன்."

இதில் "அழாதே" இல்லை, "நாளைக்கே வர்றோம்" இல்லை, "இவ்வளவு பணம் கட்டியிருக்கோம்" சுத்தமாக இல்லை. "நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கெடக்கு, பாட்டி சாப்பிடவே மாட்டேங்கிறாங்க" என்பதும் கூடாது. நம் வீடுகளில் பாசத்தைக் காட்ட இதைத்தான் முதலில் சொல்வோம். அந்தப் பிள்ளையோ, தான் கிளம்பி வந்ததே தப்பு என்று எடுத்துக்கொள்கிறது. போனை வைத்த பிறகு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். அரை மணி நேரம் கழித்து முகாம் பொறுப்பாளரை அழைத்து, "பேசி முடிச்சதும் எப்படி இருக்கா?" என்று கேளுங்கள். அநேகமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள் என்று பதில் வரும். அம்மா குரல் கேட்டதும் பொங்குவது, குரல் நின்றதும் அடங்குவது, இந்த வயதில் சகஜம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போன் என்று அவர்கள் வைத்திருப்பதைக் கடுமை என்று நினைக்காதீர்கள், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

போனைவிட நல்லது கடிதம். ஏழு நாள் முகாமுக்குத் தபால் போய்ச் சேருவதை நம்ப முடியாது என்பதால், இரண்டு மூன்று சின்னக் கடிதங்களை எழுதி, "மூன்றாம் நாள்", "ஐந்தாம் நாள்" என்று மேலே குறித்து அவள் பையிலேயே வைத்துவிடுங்கள். தெரு நாய் குட்டி போட்டது, அப்பா தோசை சுட்டுக் கருக்கியது மாதிரி சமாசாரங்கள் போதும்.

இதெல்லாம் மே மாத வேலை. அதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது, அதை இந்த வாரமே தொடங்க வேண்டும். அவள் உங்கள் பக்கத்தில் படுப்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது குறையே இல்லை, நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் அம்மாவின் கை படாமல் தூக்கத்துக்குள் போவது என்பதும் பழகினால்தான் வரும். அதை 1,100 மீட்டர் உயரத்தில், முன்பின் தெரியாத இருபது பேர் நடுவில் முதன்முதலாகப் பழக வேண்டாம். முதலில் அதே அறையில் தனிப் பாய். பத்து நாளில் அது பழகியதும் சித்தி வீட்டிலோ, உங்கள் அம்மா வீட்டிலோ இரண்டு ராத்திரி. நீங்கள் கூடப் போகக் கூடாது, போனும் கூடாது. இரண்டாவது தடவை கொஞ்சம் நீட்டி, வெள்ளி சாயங்காலம் முதல் திங்கள் காலை வரை. திரும்பி வந்ததும் "எப்ப கஷ்டமா இருந்துச்சு, அப்ப என்ன பண்ணினே?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதில்தான் ஏலகிரியில் கைகொடுக்கப்போகிறது.

ஒரு விஷயம் உங்களுக்கு ரொம்பச் சாதகமாக இருக்கிறது: போக வேண்டும் என்று கேட்பது அவள். "கூச்ச சுபாவம் போகட்டும்", "லீவு முழுக்க செல்போனையே நோண்டுறான்" என்று பெற்றோர் முடிவு செய்து தள்ளிவிடும் பிள்ளைகள்தான் அதிகம் தவிக்கிறார்கள். தானே தேர்ந்தெடுத்த பிள்ளைக்குத் தாங்கும் சக்தி தனியாக வருகிறது. அதனால் பை அடுக்குவதையும் அவளிடமே விடுங்கள். நீங்கள் பட்டியலைச் சரிபார்த்தால் போதும். எந்தச் சட்டை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாத பிள்ளை அங்கே முதல் நாளே திணறும். தோழியை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். வேறு அறையில் போட்டுவிடலாம், இரண்டாம் நாளே சண்டையும் வரலாம். "அவ இல்லாட்டியும் போவியா?" என்று இப்போதே கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, யாரும் கேட்கத் தயங்கும் விஷயங்கள். முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகள் என்னிடம் சொல்லும் கஷ்டங்களில் முக்கியமானது கக்கூஸ்தான். வெளியே இன்னொருத்தி கதவைத் தட்டிக்கொண்டு நிற்க, தாழ்ப்பாள் சரியில்லாத இடத்தில் வராது. அடக்கி அடக்கி மூன்றாம் நாள் வயிற்றுவலி. பொறுப்பாளர்கள் அதை வீட்டு ஏக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள், வீட்டு ஏக்கமும் வயிற்றுவலியாகத்தான் வரும் என்பதால். அங்கே இந்திய முறையா மேற்கத்திய முறையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பழகாததாக இருந்தால் வெளியே போகும் இடங்களில் பழக்கிவிடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். கக்கூஸ் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பத்து வயதுப் பெண் என்பதால் இன்னொன்று. இன்னும் பெரியவளாகாவிட்டாலும், மாதவிடாய் என்றால் என்ன என்று சொல்லி, பேடை எப்படி வைப்பது என்று காட்டி, ஒரு சின்னப் பையில் நாலைந்து வைத்து அனுப்புங்கள். அங்கே வைத்து நடந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, எந்த அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பது வரை பேசிவிடுங்கள். மாமியார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக: பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் போல ராத்திரி படுக்கையை நனைக்கிறார்கள். அதற்காக முகாமை ரத்து செய்ய வேண்டியதில்லை. குழந்தை மருத்துவரை ஒரு மாதம் முன்பே பாருங்கள். முகாம் நாட்களுக்கு மட்டும் கொடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறது, ஆனால் தண்ணீர்க் கட்டுப்பாட்டோடு கொடுக்க வேண்டியது என்பதால் வீட்டில் முன்னதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளை என்றால் முன்பக்கம் உட்காரச் சொல்லுங்கள், கையில் பிளாஸ்டிக் கவர் இருக்கட்டும். முதல் நாளே எல்லார் முன்னாலும் வாந்தி எடுத்த பெண் என்ற பெயர் வாங்குவது பத்து வயதில் லேசான விஷயமில்லை. அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போகச் சொன்னால் வயிற்றை மறப்பாள்.

முகாம்காரர்களிடம் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். "சேஃப்டியா இருக்குமா?" என்று கேட்டால் "ஹண்ட்ரட் பர்சென்ட் மேடம்" என்பார்கள். அதனால் ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் தூங்கும் அறையில் அல்லது வாசலில் எந்தப் பெண் பொறுப்பாளர் படுப்பார், எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, இருட்டில் நடந்து போக வேண்டுமா? அதே வளாகத்தில் அந்த வாரம் வேறு கூட்டம் தங்குகிறதா? ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வண்டியில், எந்த ஆஸ்பத்திரிக்கு? மலையை விட்டு இறங்கித் திருப்பத்தூரோ ஜோலார்பேட்டையோ போவதென்றால் ஓட்டுநர் ராத்திரி அங்கேயே இருப்பாரா? நீச்சல், படகு இருந்தால் கரையில் நீந்தத் தெரிந்த ஆள் யார்? வேலைக்கு எடுத்தவர்களின் பின்னணியை விசாரித்தார்களா? இதற்கெல்லாம் தடுமாறாமல் பெயர் சொல்லிப் பதில் தருகிறவர்கள் பொதுவாக ஒழுங்காக நடத்துகிறவர்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துப்போம்" என்றால், கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும், விட்டுவிடுங்கள்.

மகளிடமும் பேச வேண்டும். யாரும், அண்ணனோ சாரோ அக்காவோ பெரிய பெண்ணோ, உடம்பில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டால், உடை மாற்றும்போது பார்த்தால், படம் எடுத்தால், "வீட்டுல சொல்லாதே" என்றால், உடனே சொல்ல வேண்டும். போனில் பக்கத்தில் ஆள் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல முடியாது என்பதால் உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டால் ஏதோ தப்பு என்று அர்த்தம். அந்த வாக்கியம் வந்தால், நான் மேலே எழுதிய பொறுமைப் பாடம் எதுவும் பொருந்தாது. கேள்வி கேட்காமல் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2012-ஆம் வருடத்து போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098. அந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகவே சொல்லிக் கொடுங்கள்.

இதைத் தவிர, இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பகலிலும் எதிலும் சேராமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பொறுப்பாளர் சொன்னால் கூட்டி வந்துவிடுங்கள். அந்தப் பத்தில் ஒன்றுக்கும் குறைவான பிள்ளைகளில் உங்கள் மகளும் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரும் வழியில் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று காரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. உங்கள் நாத்தனார் மகனுக்கு இதுவரை எத்தனை பேர் எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள்! அவன் காதில் விழ அதை இனிச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ஒரு வருடம் போயிருக்கிறது, இப்போது கேட்டால் அவன் திரும்பப் போகிறேன் என்றும் சொல்லலாம்.

மாமியாரை எதிர்க்கட்சியாக்க வேண்டாம். அவருடைய பயத்தில் ஒரு பகுதி நியாயமானது. மேலே சொன்ன கேள்விகளை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பதில் அவர் காதிலேயே விழட்டும். கணவரின் "உன் இஷ்டம்" தான் எனக்கு அதைவிடக் கவலையாக இருக்கிறது. நாளைக்கு மகள் அழுதால் "நான் அப்பவே..." என்று சொல்ல வசதியான வார்த்தை அது. போனில் என்ன பேசுவது என்ற தாளை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர் என்றால் அவரும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடத் தரையில் படுத்தது, கொசுக்கடி, யாரோ உப்பு போடாமல் வைத்த சாம்பார், எல்லாவற்றையும் மகளிடம் சொல்லச் சொல்லுங்கள். நன்றாக இருந்ததை மட்டும் சொல்ல வேண்டாம்.

திரும்பி வந்த அன்று அவள் ஒன்றுமே சொல்லாமல் பத்து பன்னிரண்டு மணி நேரம் தூங்குவாள். எழுந்ததும் எரிந்து விழலாம், "இங்க போரடிக்குது" என்றுகூடச் சொல்லலாம். அன்றைக்கே எல்லாவற்றையும் தோண்டாதீர்கள்; துணி மடிக்கும்போதும் வண்டியில் போகும்போதும் துண்டு துண்டாக வரும். ராத்திரி மறுபடி உங்கள் பக்கத்தில் வந்து படுத்தால் இடம் கொடுங்கள், இத்தனை நாள் பழகியது போய்விடாது. அந்தத் தனிப் பாயை மட்டும் எடுத்துப் பரணில் போட்டுவிட வேண்டாம், விரித்தே இருக்கட்டும்.